கால்வாய்த் தளங்களின் தரவரிசையில் உங்கள் இடம் தவறாகத் தெரிகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பிரிட்டனின் கால்வாய்களையும் படகு வாழ்க்கையையும் பற்றிய தளங்களை வருகைப்படி வரிசைப்படுத்தும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் இயங்குகின்றன. பட்டியலில் சேர்ந்ததும் உங்களுக்கு ஓர் அடையாள எண் கிடைக்கும். அந்த எண்ணைத் தாங்கிய ஒரு சின்னப் பொத்தான் படத்தை உங்கள் பக்கத்தின் அடியில் ஒட்டி வைப்பீர்கள். யாராவது பக்கத்தைத் திறந்தால் அந்தப் படம் பட்டியலின் சர்வரிலிருந்து வந்து இறங்கும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உங்கள் கணக்கில் ஒன்று கூடும். சில பட்டியல்கள் வேறொன்றை எண்ணும்: உங்கள் பக்கத்தில் பொத்தானை அழுத்திப் பட்டியலுக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று. முதலாவதைப் பார்வை என்றும் இரண்டாவதை உள்வரவு என்றும் இங்கே சொல்கிறேன். உங்கள் பட்டியல் எதை வைத்து இடம் கொடுக்கிறது என்று அதன் விதிகளில் பார்த்துவிட்டு வாருங்கள். அது தெரியாமல் கீழே உள்ள எதைச் செய்தாலும் பாதி வேலைதான் ஆகும்.

இதை எழுதக் காரணம் உண்டு. ஒரே ஒரு கால்வாயைப் பல வருடம் நடந்து நடந்து, எந்த நீர்ப்பூட்டின் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுள்ள அறை) கதவு கசிகிறது, எங்கே படகைக் கட்டலாம் என்று பொறுமையாகப் பதிவு செய்து வந்த ஒருவர், தரவரிசையில் 20 இடம் சரிந்ததும் மனம் விட்டுப்போய் எழுதுவதை நிறுத்திவிட்டார். சில மாதம் கழித்துப் பார்த்தபோது, பக்க வடிவமைப்பை மாற்றிய அன்று பொத்தான் காணாமல் போயிருந்தது தெரிந்தது. வாசகர்கள் எங்கேயும் போகவில்லை, எண்ணுகிற பொத்தான்தான் போயிருந்தது. அதனால் இடம் இறங்கினால் எழுத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கவுண்டரைச் சந்தேகப்படுங்கள். உங்களிடம் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படித்தால் போதும்.

ஒரே நாளில் பூஜ்ஜியம், அல்லது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்

இது பயமுறுத்தும், ஆனால் சரிசெய்ய எளிது. வாசகர்கள் மெதுவாகக் குறைவார்கள், ஒரே இரவில் மொத்தமாக மறைய மாட்டார்கள். ஆக, ஏதோ உடைந்திருக்கிறது.

முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவு செய்யாதீர்கள். தேடல் வழியாக வருபவர்களில் பலர் முகப்பைப் பார்ப்பதே இல்லை. அவர்கள் நேராக ஏதோ ஒரு உள்பக்கத்தில் இறங்குகிறார்கள். அப்படிப்பட்ட மூன்று நான்கு உள்பக்கங்களைத் திறந்து பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வடிவமைப்பு மாற்றத்தில் விழுந்திருக்கிறது. புது வடிவமைப்பின் அடிப்பகுதியில் மறுபடி ஒட்டுங்கள்.

பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த படம் தெரிகிறதா? பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பட்டியலின் பெயரைத் தேடி, அந்த வரியில் எந்த எண் வருகிறது என்று பாருங்கள். 404 வந்தால் அந்த முகவரியில் பொத்தான் இல்லை, பட்டியல் அதை மாற்றியிருக்கலாம். 403 வந்தால் பட்டியலின் சர்வர் உங்கள் கோரிக்கையை மறுக்கிறது, அதைப் பராமரிப்பவரிடம்தான் பேச வேண்டும். தடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நீங்களே விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கிறீர்கள். மற்றொன்று, எங்கிருந்து வரும் கோப்புகளை ஏற்கலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் உங்கள் தளத்தின் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை வெளிப் படங்களை அனுமதிக்கவில்லை. தடுப்பானை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள், எது என்று தெரிந்துவிடும்.

உங்கள் தளத்தின் முகவரியை எச்டிடிபியிலிருந்து (http) பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்கு (https) மாற்றிய அன்றே எண்ணிக்கை போனது என்றால் யோசிக்கவே வேண்டாம். பாதுகாப்பான பக்கத்துக்குள் பழைய எச்டிடிபி முகவரியில் படம் இருந்தால், இன்றைய பிரவுசர்கள் அதை எச்டிடிபிஎஸ்ஸாக மாற்றிக் கேட்டுப் பார்க்கும். பட்டியலின் சர்வர் அப்படித் தரவில்லையென்றால் படம் இறங்காது, எண்ணிக்கையும் கூடாது. கால்வாய்த் தளங்களில் பல 20 வருடத்துக்கு முன் தொடங்கியவை, பழைய முகவரி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டியல் புது முகவரி கொடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

எண்ணிக்கை ஒரு படி இறங்கி, அங்கேயே நிற்கிறது

பூஜ்ஜியம் இல்லை. ஆனால் 120ஆக இருந்தது ஒரு நாளில் 70ஆகி, பிறகு 70ஐச் சுற்றியே நிற்கிறது. வரைபடத்தில் பார்த்தால் படிக்கட்டு மாதிரி இருக்கும். சரிவுக்கும் படிக்கட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்கப் பழகுங்கள். படிக்கட்டு என்றால் அந்த நாளில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள்.

அதிகம் கவனிக்கப்படாத காரணம், படங்களைத் தாமதமாக இறக்கும் வசதி. வாசகர் கீழே வரும்வரை படத்தை இறக்காமல் வைத்திருக்கும் ஏற்பாடு அது. தளம் நடத்தப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து, அகலமும் உயரமும் குறிக்கப்பட்ட படங்களுக்கு இது தானாகவே சேர்க்கப்படுகிறது. வேகம் கூட்டும் பிளகின்கள் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) மற்ற படங்களுக்கும் சேர்த்துவிடும். பக்கம் வேகமாகத் திறக்கும் என்பதால் நல்ல வசதிதான். ஆனால் உங்கள் பொத்தான் இருப்பது பக்கத்தின் அடியில். நீளமான பயணக் குறிப்பை முக்கால்வாசி படித்துவிட்டு மூடுபவர் அங்கே வருவதே இல்லை. முன்பெல்லாம் அவரும் எண்ணப்பட்டார், இப்போது எண்ணப்படுவதில்லை. பொத்தான் படத்தின் குறியீட்டில் லோடிங் (loading) என்ற பண்புக்கு ஈகர் (eager) என்ற மதிப்பைக் கொடுங்கள், பிளகினின் விலக்குப் பட்டியலிலும் பொத்தானின் முகவரியைச் சேருங்கள். அல்லது பொத்தானையே பக்கத்தின் மேல் பகுதிக்குக் கொண்டுவாருங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். ஏன் என்று படகு வாசகர்களைப் பற்றிய பகுதியில் புரியும்.

அடுத்தது ஒப்புதல் பேனர். பிரிட்டனில் 2003இல் வந்த தனியுரிமை, மின்னணுத் தொடர்பு விதிமுறைகள் 2011இல் திருத்தப்பட்ட பிறகு, தளம் இயங்கத் தேவையில்லாத குக்கீகளுக்கு (வாசகரை அடையாளம் காண அவர் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்புகள்) பொதுவாக வாசகரின் ஒப்புதல் கேட்க வேண்டும். விதிவிலக்குகளும் உண்டு. நீங்கள் பேனர் வைத்த அன்று படி இறங்கியிருந்தால், ஒப்புதல் தராதவர்களுக்குப் பொத்தான் இறங்காமல் நிற்கிறது என்று பொருள். இதில் பிழை ஏதும் இல்லை, பேனர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதைக் குறுக்கு வழியில் தாண்டாதீர்கள். குக்கீ வைக்காமல் எண்ணும் பொத்தான் பட்டியலிடம் உண்டா என்று கேளுங்கள், அதற்கு ஒப்புதல் தேவையா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். பேனர் வைத்த தளமும் வைக்காத தளமும் ஒரே வரிசையில் நிற்கும்போது, வைத்தவர்தான் கீழே போகிறார் என்பது எனக்கு வருத்தம். பட்டியல் நடத்துபவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மூன்றாவது, கேஷ். பொத்தான் படத்தைப் பிரவுசரோ, உங்கள் தளத்துக்கு முன்னால் நிற்கும் வேகச் சேவையோ சேமித்து வைத்துக்கொண்டால், இரண்டாம் பக்கத்திலிருந்து பட்டியலின் சர்வருக்குக் கோரிக்கையே போகாது. நெட்வொர்க் பகுதியில் அந்த வரிக்குப் பக்கத்தில் கேஷிலிருந்து வந்தது என்று காட்டினால் இதுதான். வேகச் சேவை பொத்தானைத் தன் வழியாகத் திருப்பிவிடும்படி அமைத்திருந்தால் அதை நீக்குங்கள். படத்தைச் சேமிக்காதே என்ற குறிப்பைப் படத்தோடு அனுப்ப வேண்டியது பட்டியலின் பொறுப்பு.

படகில் இருப்பவர்கள் நிறையப் படிக்கிறார்கள், எண்ணிக்கையில் தெரியவில்லை

வேறு துறைத் தளங்களுக்கு எழுதப்பட்ட வழிமுறைகளில் இந்தப் பகுதி இருக்காது. நம் வாசகர்கள் உட்கார்ந்திருக்கும் இடமே வேறு.

ஏறக்குறைய 7 அடி அகலமுள்ள இரும்பு நேரோபோட்டுக்குள், அதாவது ஒடுக்கமான கால்வாய்ப் படகுக்குள், இருந்துகொண்டு, மொபைல் சிக்னலில் படிப்பவரை நினைத்துப் பாருங்கள். இருபுறமும் மண்சரிவு உயர்ந்து நிற்கும்படி ஆழமாக வெட்டிய இடத்தில் படகு போகும்போது சிக்னல் மெலியும். பக்கத்தின் எழுத்து முதலில் வந்துவிடும். படங்கள் பிறகு தட்டுத் தடுமாறி வரும், அடியில் உள்ள பொத்தான் கடைசியாக. அவருக்கு வேண்டியது எழுத்துதான்: அடுத்த தண்ணீர்க் குழாய் எங்கே, எந்த நீர்ப்பூட்டு மூடியிருக்கிறது. படித்துவிட்டுப் போய்விடுவார். பொத்தான் பாதி வழியில் நிற்கும். இதைச் சோதிக்க, டெவலப்பர் கருவியின் நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்து, உங்கள் மிகப் பெரிய பக்கத்தைத் திறந்து, பொத்தான் எத்தனையாவது நொடியில் இறங்குகிறது என்று பாருங்கள். 20 நொடி என்றால் படகு வாசகர்களில் ஒரு பகுதியை இழக்கிறீர்கள். படங்களின் அளவைக் குறையுங்கள், பொத்தானை மேலே ஏற்றுங்கள். எண்ணிக்கைக்காக மட்டும் இல்லை, அந்த வாசகருக்கும் நல்லது.

இனி ஐபி முகவரி, அதாவது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண். மொபைல் நிறுவனங்கள் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. படகுத்துறையில் எல்லாப் படகுக்கும் பொதுவான வைஃபை இருந்தாலும் இதே கதைதான். பட்டியல் ஐபி முகவரியை மட்டும் பார்த்து 24 மணி நேரத்துக்கு ஒருவரை ஒரே முறை எண்ணினால், ஒரே துறையில் கட்டியிருக்கும் 30 படகுகளும் சேர்ந்து ஒரே வாசகராகிவிடும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பேட்டரியை மிச்சப்படுத்த இரவில் ரூட்டரை அணைப்பது படகில் சாதாரணம். காலையில் போட்டதும் புது முகவரி கிடைக்கலாம். சிக்னல் அறுந்து மறுபடி சேரும்போதும் அப்படித்தான். நிலையான கட்டுமிடம் இல்லாமல் பயணித்துக்கொண்டே இருக்கும் படகுகள், 1995ஆம் வருடத்துப் பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டப்படி, ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. அவர்கள் ஒரு நாள் ரூட்டரிலும், மறுநாள் போனிலும், இன்னொரு நாள் ஏதோ ஊர் வைஃபையிலும் படிப்பார்கள். ஆக ஒருவரே மூன்று நான்கு பேராக எண்ணப்படுவார். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த பிரைவேட் ரிலே வசதியைப் போட்டிருப்பவர்களின் உண்மையான முகவரி தளங்களுக்குத் தெரிவதே இல்லை.

குக்கீ இதைச் சரிசெய்யுமே என்று தோன்றும். முன்பு செய்தது. ஆனால் பட்டியலின் குக்கீ உங்கள் பக்கத்தில் மூன்றாம் தரப்புக் குக்கீ. சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து அவற்றை முழுவதுமாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பரிலிருந்து, அறியப்பட்ட பின்தொடரிகளின் குக்கீகளை இயல்பாகவே தடுக்கிறது. எனவே ஐபேடில் படிக்கும் படகுக்காரரைப் பொறுத்தவரை பட்டியலிடம் மிஞ்சுவது பெரும்பாலும் ஐபி முகவரியும் பிரவுசர் பெயரும்தான்.

உங்கள் தளத்தில் இது எவ்வளவு என்று அறிய ஒரு வழி உண்டு. உங்கள் சர்வரின் பதிவேட்டில் ஒரு நாளை எடுத்து, ஒரே ஐபி முகவரிக்குக் கீழே எத்தனை வெவ்வேறு பிரவுசர் பெயர்கள் வருகின்றன என்று பாருங்கள். ஒரே முகவரியில் ஆண்ட்ராய்டு, ஐபேட், விண்டோஸ் மூன்றும் ஒரே மணி நேரத்தில் வெவ்வேறு பக்கங்களைப் படித்திருந்தால், அங்கே பகிர்ந்த இணைப்பு இருக்கிறது. அந்த விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை உங்களால் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஆனால் கரையில் உட்கார்ந்து படிக்கும் வாடகைப் படகு வாடிக்கையாளர்களை நம்பிய தளத்தோடு, படகிலேயே வாழ்பவர்களை நம்பிய உங்கள் தளத்தை ஒப்பிடும்போது, இரண்டையும் ஒரே தராசு நிறுக்கவில்லை என்பதாவது தெரியும். தனிநபர் எண்ணிக்கையை விடப் பக்கப் பார்வைகளை ஒப்பிடுவது இந்த இடத்தில் நியாயமாக இருக்கும்.

பொத்தானை அழுத்துகிறார்கள், உள்வரவு ஏறவில்லை

உள்வரவை வைத்து இடம் கொடுக்கும் பட்டியல்களுக்கு மட்டும் இது. நீங்களே அழுத்திப் பார்க்கிறீர்கள், பட்டியல் திறக்கிறது, ஆனால் எண் நகரவில்லை.

எங்கிருந்து வந்தீர்கள் என்பதைப் பிரவுசர் அனுப்பும் ரெஃபரர் வரியை வைத்துத்தான் பல பழைய பட்டியல்கள் கண்டுபிடிக்கின்றன. அந்த வரி போகாமல் இருக்க மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். உங்கள் எடிட்டர், புதுச் சன்னலில் திறக்கும் இணைப்பு என்பதால் நோரெஃபரர் (noreferrer) என்ற சொல்லைத் தானாகச் சேர்த்திருக்கலாம். மூலக் குறியீட்டைத் திறந்து அந்த இணைப்பில் அது இருந்தால், அந்தச் சொல்லை மட்டும் நீக்குங்கள். பக்கத்தில் இருக்கும் நோஓப்பனர் (noopener) என்பது இருக்கட்டும், அது பாதுகாப்புக்கு. இரண்டாவது, உங்கள் தளம் எச்டிடிபிஎஸ், பட்டியல் இன்னும் எச்டிடிபி என்றால் பிரவுசர்கள் இயல்பாக ரெஃபரர் அனுப்புவதில்லை.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. 2020 ஆகஸ்டில் வந்த குரோம் 85இலிருந்து, வேறு தளத்துக்குப் போகும்போது முழு முகவரிக்குப் பதில் தளத்தின் பெயர் மட்டுமே இயல்பாகப் போகிறது. சொந்தப் பெயருள்ள தளங்களுக்கு இதனால் பாதிப்பு இல்லை. ஆனால் ஒரு பொதுச் சேவையில் சாய்கோட்டுக்குப் பின்னால் உங்கள் தளத்தின் பெயர் வருகிறது என்றால், பட்டியலுக்கு அந்தச் சேவையின் பெயர் மட்டும் தெரியும், நீங்கள் யார் என்று தெரியாது. அங்கே இருக்கும் எல்லாப் படகுத் தளங்களும் ஒன்றாகக் கலந்துவிடும். இதற்குச் சரியான தீர்வு ரெஃபரரை நம்பாமல், உங்கள் அடையாள எண்ணை இணைப்பிலேயே வைத்து அனுப்புவது. பட்டியல் அப்படிப்பட்ட இணைப்பைக் கொடுத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

திடீரென்று மூன்று மடங்கு

மகிழ்ச்சிதான். இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உண்மையான ஏற்றத்துக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் வெளியே கிடக்கும். 2025 ஜனவரி 1ஆம் தேதி செஷயரில் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் கரை உடைந்தது. 2018 மார்ச்சில் ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயின் மிடில்விச் கிளை உடைந்து, அந்த வருடக் கடைசி வரை மூடியிருந்தது. அந்தக் கிளை இல்லாமல், ஏறக்குறைய 110 மைலும் 94 நீர்ப்பூட்டும் கொண்ட நான்கு கவுண்டி வளையம் என்ற சுற்றுப் பயணப் பாதையைச் சுற்ற முடியாது. இப்படி ஒன்று நடக்கும்போது அந்தக் கால்வாயைப் பற்றி விவரமாக எழுதிவைத்தவரிடம் எல்லோரும் வந்து நிற்பார்கள், நிற்கவும் வேண்டும். எந்தப் பக்கம் ஏறியது என்று பாருங்கள். ஒரே பக்கம், பல ஊர்களிலிருந்து, வெவ்வேறு கருவிகளிலிருந்து என்றால் அது மனிதர்கள்தான்.

எல்லாப் பக்கமும் சம அளவில், நள்ளிரவிலும் அதே வேகத்தில் ஏறியிருந்தால் அது ரோபோ, அதாவது பக்கங்களைத் தானாகத் திறக்கும் நிரல். பழைய தேடல் ரோபோக்கள் படங்களைத் தொடாது, அதனால் பொத்தான் எண்ணிக்கையில் வராது. முழு பிரவுசரையே ஓட்டும் இன்றைய ரோபோக்கள் பொத்தானையும் இறக்கும். உங்கள் தளம் இயங்குகிறதா என்று சில நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும் கண்காணிப்புச் சேவையும் சில சமயம் இப்படிச் செய்யும். 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 288. எண்ணிக்கை சரியாக இந்த மாதிரி ஓர் எண் அளவு கூடியிருந்தால் அங்கே தேடுங்கள்.

இன்னொன்று: யாரோ ஒருவர் உங்கள் பக்கத்தின் குறியீட்டை நகலெடுத்துத் தன் தளத்தை அமைத்திருக்கலாம், பொத்தானில் உங்கள் அடையாள எண் அப்படியே போயிருக்கும். அவருடைய வாசகர்கள் உங்கள் கணக்கில் விழுவார்கள். பொத்தான் எந்தத் தளங்களிலிருந்து கேட்கப்பட்டது என்ற விவரம் பட்டியலிடம் இருக்கும், கேட்டு வாங்கலாம். அவரிடம் அன்பாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது, அவருடைய உழைப்பும் அவர் கணக்கில் சேர வேண்டியதுதானே.

தினமும் ஐந்தாறு இடம் ஏறி இறங்குகிறது

எதுவும் உடையவில்லை. பட்டியலின் நடுப்பகுதியில் எல்லோரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

ஓர் எளிய கணக்கு. ஒரு நாளைக்குச் சராசரியாக 40 வருகை என்று வைத்துக்கொள்ளுங்கள். தற்செயலான ஏற்ற இறக்கம் ஏறக்குறைய அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவு இருக்கும், அதாவது 6. மூன்றில் இரண்டு நாள் 34க்கும் 46க்கும் நடுவே எங்கேயாவது நிற்பீர்கள். உங்கள் அக்கம்பக்கத்தில் 37, 39, 42, 44 என்று நான்கு தளங்கள் இருந்தால், யார் முன்னால் என்பது நாளுக்கு நாள் மாறிக்கொண்டேதான் இருக்கும். 7 நாளைக் கூட்டினால் 280, வர்க்கமூலம் 17, அதாவது 6 சதவீதம். 28 நாளைக் கூட்டினால் 1,120, வர்க்கமூலம் 33, அதாவது 3 சதவீதம். நிஜத்தில் வார இறுதி, வானிலை எல்லாம் சேர்ந்து இதைவிட அதிகமாகவே ஆடும்.

அதனால் தினசரி இடத்தைப் பார்க்காதீர்கள். 28 நாள் கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 30 வேண்டாம், 28 என்றால் நான்கு சனி நான்கு ஞாயிறு என்று எப்போதும் சரியாக வரும்.

அக்டோபர் முடிந்ததும் சரிவு

கால்வாயில் பயணிகள் அதிகம் வருவது வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை. நவம்பரிலிருந்து மார்ச் வரை பெரிய பழுதுபார்ப்புகளுக்காக நீர்ப்பூட்டுகளை மூடித் தண்ணீரை வடிப்பது வழக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளை 2012 ஜூலையிலிருந்து கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது, மூடல் அறிவிப்புகளும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆகவே குளிர்காலத்தில் எண்ணிக்கை குறைவது இயற்கை. கேள்வி, உங்களுக்கு மட்டும் குறைகிறதா என்பதுதான்.

அதற்கு இடத்தைப் பார்ப்பதை விடப் பங்கைப் பாருங்கள். ஓர் உதாரணம்: மே மாதத்தில் பட்டியல் மொத்தம் 30,000, உங்களுடையது 900. ஜனவரியில் மொத்தம் 12,000, உங்களுடையது 420. எண் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. ஆனால் பங்கு 3 சதவீதத்திலிருந்து 3.5 ஆகியிருக்கிறது. இப்போது வரும் வாசகர்களில் முன்பைவிட அதிகப் பங்கினர் உங்களைத் தேடி வருகிறார்கள்.

பங்கும் குறைந்திருந்தால் அப்புறம் உங்கள் தளம் எந்த வகை என்று யோசியுங்கள். கோடை விடுமுறைக்கான வழிகாட்டித் தளம் குளிர்காலத்தில் தன் பங்கை இழக்கும். மூடல்களையும் படகுப் பராமரிப்பையும் பற்றிய தளம் அதே நேரத்தில் ஏறும். போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்து இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஈஸ்டர் ஒரு வருடம் மார்ச்சில், இன்னொரு வருடம் ஏப்ரலில் வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கூகுள் ஒன்று சொல்கிறது, பட்டியல் இன்னொன்று சொல்கிறது

ஒன்றாக இருக்கவே இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. கூகுள் அனலிட்டிக்ஸ் 30 நிமிடம் அசைவில்லாமல் இருந்தால் அடுத்ததைப் புது வருகை என்று எண்ணும். சர்வர் பதிவேட்டைப் படித்து வருகைகளை எண்ணும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் ஒரு மணி நேரம் பொறுக்கும். சர்வர் பதிவேட்டில் ரோபோக்களும் சேரும். கூகுளின் சர்ச் கன்சோல் தேடலில் உங்கள் தளம் தெரிந்ததையும் விழுந்த கிளிக்கையும் மட்டும் காட்டும், அதன் நாள் கணக்கு அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் ஓடும். கேட்க வேண்டியது, எல்லாம் ஒரே திசையில் நகர்கிறதா என்று மட்டும்தான். பட்டியல் மட்டும் இறங்கி மற்றவை நிலையாக இருந்தால் பொத்தானில் கோளாறு. எல்லாமே இறங்கினால் வாசகர் உண்மையிலேயே குறைகிறார்கள்.

யுஏ (UA) என்று தொடங்கும் பழைய அனலிட்டிக்ஸ் எண் இன்னும் உங்கள் பக்கத்தில் இருந்தால், அது 2023 ஜூலை 1இலிருந்து புதுத் தரவை வாங்குவதில்லை. இணையத் தளங்களை வருகைப்படி வரிசைப்படுத்திய அலெக்ஸா தரவரிசை 2022 மே 1இல் மூடப்பட்டது. அந்தப் பட்டை இன்னும் ஓரத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள், பக்கத்தை மெதுவாக்குவதைத் தவிர அது எதுவும் செய்யாது.

சின்னச் சின்னவை இரண்டு

பட்டியலில் உங்கள் தளம் இரண்டு வரியாகத் தெரிகிறது என்றால், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. ஒன்றை மற்றொன்றுக்கு 301 திருப்பமாக (நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) அமைத்துவிட்டு, வரிகளை இணைக்கச் சொல்லுங்கள்.

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இரவு 12 மணி வருகைகள் தவறான நாளில் விழுகின்றன என்றால், பட்டியலின் கடிகாரம் கிரீன்விச் நேரத்திலேயே நிற்கிறது. பிரிட்டனில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பதால், அதன் நாள் உங்கள் இரவு 1 மணிக்குத்தான் மாறும். எல்லோருக்கும் ஒன்றுபோல் நடப்பதால் இடம் மாறாது, விட்டுவிடலாம்.

பட்டியல் நடத்துபவருக்கு எழுதும்போது

இவை எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் அவருக்கு எழுதுங்கள். இத்தகைய பட்டியல்களைப் பெரும்பாலும் யாரோ ஒருவர் தன் ஓய்வு நேரத்தில், கால்வாய் மீதுள்ள ஆசையால் நடத்துகிறார். என் இடம் ஏன் விழுந்தது என்று மட்டும் கேட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது. உங்கள் அடையாள எண், பொத்தான் உள்ள ஓர் உள்பக்கத்தின் முழு முகவரி, எண்ணிக்கை மாறிய தேதி, அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் உங்கள் தளத்தில் நீங்கள் மாற்றியவை, நெட்வொர்க் பகுதியில் பொத்தான் வரி தெரியும் ஒரு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), அதே நாட்களுக்கான உங்கள் சர்வர் பதிவேட்டின் பக்கப் பார்வை எண்ணிக்கை ஆகியவற்றை அனுப்புங்கள். பதிவேட்டை அப்படியே அனுப்பாதீர்கள், அதில் வாசகர்களின் ஐபி முகவரிகள் இருக்கின்றன. எண்களை மட்டும் ஒரு சின்ன அட்டவணையாக எழுதினால் போதும்.